உளுந்து மிதிக்கப் பழகிய வண்டி

அடுத்தவர் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்தால் எனக்குக் குமட்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பஸ்ஸில் மதுரைக்குப் போவதென்றால் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டேதான் போவேன். ஸ்டியரிங் என் கையில் இருந்தால் ஒன்றும் செய்யாது. செங்கோட்டை மலைப்பாதையில் எத்தனை வளைவு வந்தாலும் வயிறு அசையாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் கம்பெனி வண்டியில் நான் உட்கார்ந்திருந்த மாதங்களில் ஒரு நாள்கூட எனக்குக் குமட்டவில்லை. அவ்வளவு பதமாக ஓட்டியது. நல்லதை நல்லதென்றுதான் சொல்ல வேண்டும்.

டீ போதும் ஐயா. என்னை யாரும் பிடித்து வரவில்லை, நானாகத்தான் வந்தேன். ஹம்னாவை நீங்கள் உள்ளே வைத்திருக்கிறீர்கள். அந்தப் பிள்ளையை வெளியே விட வேண்டும். நான் சொல்வதை எழுதிக்கொண்டால் அவளை வைத்திருக்க உங்களுக்குக் காரணம் இருக்காது. என் பெயர் குற்றாலீஸ்வரன். ஊர் அச்சன்புதூர். தென்காசி வேன் ஸ்டாண்டில் என்னைத் தெரியாதவர்கள் கிடையாது. சங்கிலிப்பாண்டி செத்தபோது, தானாக ஓடும் அந்த வண்டியின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தவன் நான்.

வண்டி தானாகப் போய் ஏறிவிட்டது, பிரேக்கை மிதித்தும் நிற்கவில்லை என்று முதலில் வாக்குமூலம் கொடுத்திருந்தேன். அதில் ஒரு திருத்தம் இருக்கிறது. திருத்தத்துக்கு முன்னால் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள்.

சீசன் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அருவி. எங்களுக்கு அது வருஷத்துச் சோறு. ஆனி பிறந்து மலையில் சாரல் விழுந்துவிட்டால், ரயில் ஸ்டேஷன் வாசலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று சுற்றுவோம். ஓட்டுவது அதில் பாதிதான். பேரருவியில் வெள்ளம் வந்து போலீஸ் கயிறு கட்டிவிட்டால் எந்த அருவியில் விடுகிறார்கள் என்று எங்களுக்குத்தான் முதலில் தெரியும். குளிக்கப் போகிறவர்களின் செல்போன், நகை, மூக்குக் கண்ணாடி எல்லாம் எங்கள் மடியில் இருக்கும். எண்ணெய் வழிய வழிய வந்து ஏறுவார்கள், சீட்டில் தார்ப்பாய் விரித்து வைத்திருப்போம். கைக்குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போன தாய்மார்கள் எத்தனையோ பேர். என் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். டிரைவர் என்றால் அப்படி ஒரு நம்பிக்கை.

பொங்கல் முடிந்த கையோடு கம்பெனி வந்து இறங்கியது. வெள்ளை வண்டி. கூரையில் குடம் மாதிரி ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதற்குக் கரகாட்டக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். சில மாதம் ரோட்டில் ஓட்டிப் பழக்குவது, பிறகு சீசனுக்கு ஸ்டேஷனிலிருந்து அருவி வரை ஆள் இல்லாமலேயே விடுவது என்பது ஏற்பாடு. அரசு அனுமதியோடுதான் வந்தார்கள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது.

ஹம்னாதான் அந்தக் கம்பெனியின் இன்ஜினியர். வடகரைப் பிள்ளை. ஆறாம் வகுப்பிலிருந்து என் ஸ்கூல் வேனில்தான் தென்காசிக்குப் படிக்கப் போனாள். என்னை வேன் மாமா என்று கூப்பிடுவாள், இன்றைக்கும் அப்படித்தான். அவள் வாப்பா ஒலி முகம்மது சவூதியில் டாக்ஸி ஓட்டினார். ராத்திரி பகலாக ஓட்டி, ஸ்டியரிங்கில் கண்ணயர்ந்து, பாலத்துத் தூணில் மோதிச் செத்துப்போனார். செய்தி வந்த அன்று அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர என்னைத்தான் அனுப்பினார்கள். விஷயத்தைச் சொல்லாமல் கூட்டி வரச் சொன்னார்கள். வழியெல்லாம் கணக்குப் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். நானும் சிரித்துப் பேசிக்கொண்டே வந்தேன். எனக்கு அது கஷ்டமாக இல்லை.

அவள்தான் வீட்டுக்கு வந்து என்னை வேலைக்குக் கூப்பிட்டாள்.

"மாமா, ஒங்களவிட இந்த ரோடு தெரிஞ்ச ஆளு யாரு இருக்கா? மொதல்ல நீங்க ஓட்டுங்க, அது பாத்துப் படிச்சிக்கிடும். பெறவு அது ஓட்டும், நீங்க சும்மா பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாப் போதும்."

"அது படிச்ச பெறவு எனக்கு என்னட்டி வேல?"

"அதுக்குள்ள வேற எதாவது பாத்துக்கிடலாம் மாமா."

வேற எதாவது. அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. வெளியே காட்டாமல் காப்பி குடிக்கச் சொன்னேன். நான் போகாவிட்டால் இன்னொருவன் போவான், போகிறவன் நானாக இருந்தால் என்ன நடக்கிறதென்று பக்கத்திலிருந்து பார்க்கலாம் என்று முடிவெடுத்தேன்.

வண்டி சீக்கிரம் படித்தது. மாடு குறுக்கே வந்தால் எப்படி ஒதுங்குவது, பஸ் கண்டக்டர் கையை எப்படி ஆட்டினால் என்ன அர்த்தம், இலஞ்சி வளைவில் லாரிக்காரன் லைட்டை அடித்தால் வழி விடுகிறானா, வழி கேட்கிறானா என்பதெல்லாம் அதற்குப் பிடிபட்டுவிட்டது. எனக்கு இத்தனை வருஷமாகச் சேர்ந்த வித்தையை அது மாசி முடிவதற்குள் வாங்கிக்கொண்டது. ஒன்றுதான் அதற்கு ஓடவில்லை. ரோட்டில் கிடக்கும் உளுந்து.

எங்கள் பக்கம் உளுந்தைச் செடியோடு பிடுங்கி வந்து ரோட்டில் விரித்துவிடுவார்கள். போகிற வண்டிகள் மிதிக்க மிதிக்க நெற்று உடைந்து மணி உதிரும். களத்துக்குப் போகவேண்டிய வேலை மிச்சம். சட்டப்படி கூடாதுதான், உங்களுக்கும் தெரியும், நீங்களும் அதன்மேல்தான் ஜீப்பை ஓட்டிக்கொண்டு போவீர்கள். வண்டிக்காரனுக்கும் அதில் ஒரு முறை உண்டு. பரத்திக் கிடந்தால் வேகத்தைக் குறைத்து மேலே ஏறிப் போவான். குவிந்து கிடந்தால் ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போவான். குவியலுக்குள் நாய் படுத்திருக்கும், அலுத்துப்போன ஆள் படுத்திருப்பான்.

கரகாட்டக்காரி செடியைக் கண்டாலே நின்றுவிடும். முன்னால் தடை இருக்கிறது, காத்திருக்கிறேன் என்று ஒரு பெண் குரலில் சொல்லும். பின்னால் வருகிறவன் எல்லாம் ஹாரன் அடிப்பான். செடி விரித்திருந்த மூக்கம்மாள் ஒரு நாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏட்டி ஹம்னா, ஒன் வண்டி என்ன புதுப்பொண்ணா, கால வைக்கதுக்கு வெக்கப்படுது? அது மிதிக்காட்டா நீ எறங்கி மிதி."

ஹம்னா விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து நான் தினமும் அந்த ரோட்டில் செடிமேல் ஓட்டிக் காட்டினேன். அதுவும் பார்த்துப் பார்த்துப் பழகி, பங்குனியில் யோசிக்காமல் மேலே ஏறிப்போகத் தொடங்கியது. மூக்கம்மாள் அதற்குத் திருஷ்டி கழித்தாள். வேடிக்கையாகத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் மண்டபத்தில் கம்பெனிக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். வண்டிக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்று என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு பெங்களூரிலிருந்து வந்த பெரிய அதிகாரி திரையில் படம் போட்டுப் பேசினார். நசுங்கிய வேன், ரோட்டில் சிதறிய செருப்புகள். ஒரு வண்டியில் அதிகம் பிழை செய்கிற பாகம் ஓட்டுநர்தான், அந்தப் பாகத்தைக் கழற்றிவிட்டோம் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் பொன்னாடையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பழக்கதோஷத்தில் நானும் தட்டிவிட்டேன். கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஐயா, அதுவரை ஒரு கோழியைக்கூட அடித்தவன் இல்லை நான். கழற்றிவிட்டோம் என்கிறான். என்னை முன்னால் உட்கார வைத்துக்கொண்டே சொல்கிறான். ஹம்னாவும் கை தட்டினாள். அவள் வாப்பாவை நினைத்துத் தட்டியிருப்பாள். அது எனக்குப் புரிந்தது, ஆனாலும் கோபம் தணியவில்லை.

கையில் பொன்னாடையோடு ஸ்டாண்டுக்குப் போனேன். கௌரிசங்கர்தான் அங்கே டிரைவர் சங்கச் செயலாளர். அவன் எழுந்திருக்கவில்லை.

"அண்ணாச்சி, துணி நல்லாருக்கு. எங்க எல்லாருக்கும் சேத்து ஒரு கோடித்துணி எடுத்துட்டு வந்துருங்க. சீசன் முடியுததுக்குள்ள தேவப்படும்."

"நான் போகலன்னா வேற எவனாவது போவாம்லே."

"அப்பம் வேற எவனாவது போயிருக்கட்டுமே அண்ணாச்சி. நீங்களா போவணும்? மனுக் குடுத்தாச்சு, மறியல் பண்ணியாச்சு. ஒரு உசுரு போனாத்தான் இவனுவ அடங்குவானுவ."

கௌரிசங்கர் கோபத்தில் சொன்னான். மறுநாளே மறந்தும் போயிருப்பான். அவனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அதை எழுதிக்கொள்ளுங்கள். நான்தான் அதை உட்கார்ந்து யோசித்தேன். கோபத்தில் அவசரப்பட்டு எதையும் செய்வது என் வழக்கம் இல்லை.

ஸ்டாண்டில் நிற்கும் வண்டிகளை நினைத்தேன். அதை நம்பியிருக்கும் வீடுகளை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை நினைத்தேன். இந்தப் பக்கம் ஒரு உயிர். அது பெரிய விஷயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ரோட்டில் வாராவாரம் ஒருத்தன் ஒன்றுக்கும் ஆகாமல் சாகிறான். நாலு பேருக்குப் பிரயோஜனமாக ஒருத்தன் போனால் தப்பென்ன என்று பட்டது. அப்புறம் யார் என்பதுதான் பாக்கி. பிள்ளைகள் கூடாது. பெண்கள் கூடாது. உழைத்துச் சாப்பிடுகிறவன் கூடாது. நான் ஒன்றும் மிருகம் இல்லை ஐயா.

சங்கிலிப்பாண்டி எங்கள் தெருவுக்குப் பின் தெரு. நானும் அவனும் ஒரே சமயத்தில் ஸ்டாண்டுக்கு வந்தவர்கள். மலைப்பாதையில் அவனை மாதிரி ஓட்ட ஆள் கிடையாது. குடி பிடித்தது, லைசென்ஸ் போனது, வண்டி போனது. பிறகு காலையில் குடித்துவிட்டு மத்தியானம் எங்கேயாவது படுத்துக் கிடப்பான். அவன் வீட்டுக்காரி இசக்கிச்செல்வி பீடி சுற்றித்தான் குடும்பம் ஓடியது. அவள் தெருவில் நின்று சொல்வதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். "இந்தச் சவம் என்னைக்கு ஒழியுதோ அன்னைக்குத்தான் எனக்கு விடியும்" என்பாள். ஒரு தடவை இல்லை, பல தடவை. கட்டினவளே இப்படிச் சொல்கிறபோது இவன் போனால் யாருக்கு நஷ்டம் என்று நினைத்தேன். இன்றைக்கும் அதில் எனக்குப் பெரிய தப்புத் தெரியவில்லை.

ஆனால் வண்டி ஏறுமா என்று தெரிய வேண்டும். ஹம்னாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"ஏட்டி, செடிக்குள்ள எவனாவது படுத்துக் கெடந்தாம்னா கரகாட்டக்காரி என்ன செய்யும்?"

அவள் முகம் மாறிவிட்டது. லேப்டாப்பை மூடினாள். "மாமா, இதை நான் யோசிக்கவே இல்ல" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பு இல்லை. ஆட்களைச் செடிக்குள் படுக்க வைத்து, வண்டியைத் தூரத்தில் நிறுத்தி, திரும்பத் திரும்பப் பார்த்தாள். அவளே செடிக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். உடம்பெல்லாம் அரிப்பெடுத்துத் தடித்துப் போயிருந்தது. கடைசியில் ஒரு நாள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரியாயிருச்சு மாமா. மூச்சு விடுத அசைவு அதுக்குத் தெரியுது. உள்ள ஆள் இருந்தா இனிமே போவாது. நீங்க மட்டும் கேக்கலன்னா எவ்வளவு பெரிய தப்பாயிருக்கும். டிரைவரா இருந்ததால ஒங்களுக்குத் தோணுச்சு பாத்தீங்களா?"

நல்லது என்றேன். நான் நம்பவில்லை. இன்ஜினியர்கள் அப்படித்தான் சொல்வார்கள். வெயிலில், நிஜ ரோட்டில், நிஜக் குவியலில் அது தெரியாமல் போய் ஏறத்தான் செய்யும் என்று உறுதியாக இருந்தேன். இயந்திரத்துக்கு மூச்சு என்றால் என்ன தெரியும்? ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் யாரோ ஒருத்தன்மேல் அது ஏறத்தான் போகிறது. அந்த யாரோ ஒருத்தன் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம்.

வெள்ளிக்கிழமைகளில் ஹம்னா மத்தியானச் சாப்பாட்டுக்கு வடகரை வீட்டுக்குப் போய்விடுவாள். அவள் உம்மா தனியாக இருப்பார்கள். வண்டியில் எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. ஆனால் அச்சன்புதூரிலிருந்து வண்டியை நான் தனியாகக் கொண்டுபோய் அவள் வீட்டு வாசலில் நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. "வேன் மாமாதானே, கம்பெனிக்குச் சொல்லிராதீங்க" என்பாள். இதற்காகத்தான் அவளை நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள். இரண்டு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவரை விட்டுவிட்டாள் என்று. அவள் என்ன செய்வாள்? பத்து வயதில் அவளை என் கையில் கொடுத்தபோது யாரும் இரண்டாவது ஆள் கேட்கவில்லையே.

அன்றைக்குச் சங்கிலிப்பாண்டிக்குப் பிரியாணிப் பொட்டலமும் பாட்டிலும் வாங்கிக் கொடுத்தேன். ஊர்க் கடைசியில் மூக்கம்மாள் செடியைக் குவித்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தாள். குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். எலும்பைக்கூட விடவில்லை. சாப்பிட்டு முடித்து விரலைச் சூப்பிக்கொண்டே கேட்டான்.

"அண்ணாச்சி, அந்த வண்டில என்னையும் ஒருநா கூட்டிட்டுப் போவியளா? ஓட்ட விடமாட்டானுவ, தெரியும். சும்மா உக்காந்தாவது பாக்கேன். வளைவுல எப்பிடித் திருப்புதுன்னு பாக்கணும்."

"பாப்போம்லே" என்றேன்.

அங்கேயே செடியில் சாய்ந்து தூங்கிவிட்டான். ரோட்டோரமாகப் படுத்திருந்ததால் கொஞ்சம் உள்ளே இழுத்துப் போட வேண்டியிருந்தது. முனகினான். "நாந்தாம்லே, தூங்கு" என்றேன். தூங்கினான். முகத்தில் வெயில் அடித்தது. செடியை அள்ளி நன்றாக மூடினேன். பிறகு நடந்துபோய் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். ஆள் நடமாட்டம் இல்லை. குவியல்மேல் வண்டி ஏறியது. அவன் செத்துப்போனான்.

நான் போட்ட சத்தத்தில் ஊர் கூடிவிட்டது. தென்காசியிலிருந்து ஸ்டாண்ட் ஆட்கள் வந்தார்கள். கௌரிசங்கர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். பொழுது சாய்வதற்குள் வண்டியைக் கொளுத்திவிட்டார்கள். கரகம், கேமரா, பெட்டி, அதில் பதிந்தது எல்லாம் சாம்பல். கலெக்டர் சோதனை ஓட்டத்தை நிறுத்திவிட்டார். நினைத்ததெல்லாம் நினைத்தபடி நடந்தது. அதை ஒளிக்க விரும்பவில்லை, மனதுக்கு நிறைவாகத்தான் இருந்தது.

இசக்கிச்செல்வி விஷயம்தான் நான் எதிர்பார்க்காதது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து போட்டதும் அவன் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள்.

"கோவத்துல சொன்னதுய்யா. வாயில வந்ததச் சொன்னேன். அதுக்குன்னு இப்பிடிப் போயிருவியா? எந்திரிய்யா, நா இனிமே சொல்லமாட்டேன்."

இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு அவள்மேல் எரிச்சல் வந்தது. தெருவில் நின்று ஊரறியச் சொல்லிவிட்டு இப்போது இல்லையென்றால் எப்படி? கேட்டவன் முட்டாளா? அங்கே நிற்கப் பிடிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஹம்னாவை மறுநாள் கூட்டிப்போனீர்கள். கல் விழுந்து அவள் வீட்டு ஜன்னல் ஒன்றுகூட மிச்சம் இல்லை. அவள் உம்மா நேற்று என்னைத் தேடி வந்தார்கள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "ஒங்க மேல தப்பில்லன்னு சொல்லச் சொன்னா. வண்டியத் தனியாக் குடுத்தது தாந்தான்னு எழுதிக் குடுத்திருக்காளாம். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிக்கிட்டே இருக்கா. உள்ள ஆள் இருந்தா அது போவாதாம். போயிருக்கவே முடியாதாம். பைத்தியம் மாதிரி அதையே சொல்லுதா" என்றார்கள். ஜீப்பில் ஏறும்போதும் அவள் இதைத்தான் சொன்னாளாம், கூட்டம் சிரித்ததாம். நீங்களும் நம்பியிருக்க மாட்டீர்கள்.

அவள் சொன்னது சரி. திருத்தம் அதுதான்.

வண்டி நின்றது ஐயா. குவியலுக்கு ஒரு வண்டி நீளம் இருக்கும்போதே, குலுங்காமல், பால் செம்பை இறக்கி வைக்கிற மாதிரி நின்றது. முன்னால் ஒருவர் இருக்கலாம், தயவுசெய்து பாருங்கள் என்றது. நான் உட்கார்ந்திருந்தேன். அத்தனை செடியை அள்ளி மூடியிருந்தேன், எனக்கே அவன் இருக்கிற இடம் கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்குத் தெரிந்தது. மறுபடியும் சொன்னது. அதே குரல், அதே மரியாதை.

இறங்கிப்போய் அவனை எழுப்பியிருக்கலாம். ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் அது ஜெயித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்திருக்கும். அன்றுபோல எனக்குக் கோபம் வந்ததே இல்லை. மேடையில் வராத கோபம், ஸ்டாண்டில் வராத கோபம். என் சீட்டுக்கு முன்னால், என் ரோட்டில், நான் கேட்ட கேள்விக்குப் பதிலைப் படித்துவைத்துக்கொண்டு வந்து என்னிடமே ஒப்பித்துக்கொண்டு நிற்கிறது. தயவுசெய்து பாருங்கள் என்று எனக்குச் சொல்கிறது. எனக்கு.

ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி டிரைவர் கைக்கு வந்துவிடும். அப்படித்தான் அதைச் செய்திருந்தார்கள். மிதித்தேன். கீச் கீச்சென்று கத்தியது, விடாமல் மிதித்தேன். ஏறி இறங்கினபிறகுதான் சத்தம் நின்றது. நான் ஹாரன் அடிக்கவில்லை.

இவ்வளவுதான். ஹம்னாவை இன்றைக்கே விட்டுவிடுங்கள், அவள் உம்மா வாசலில்தான் நிற்கிறார்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். இதைக் காரணமாக வைத்து அந்த வண்டிகளை மறுபடியும் ரோட்டில் விட்டுவிடாதீர்கள். ஸ்டாண்டில் அத்தனை குடும்பம் இருக்கிறது. ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அந்த இடத்தில் ஒரு மனுசன் ஓட்டிக்கொண்டு வந்திருந்தால் சங்கிலிப்பாண்டி செத்திருக்க மாட்டான்.